சுண்டுவிரலில் தொடங்கியது

இது கனவு இல்லை. மாத்திரை மயக்கமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் யாரிடம் சொன்னாலும் அவர்கள் முதலில் கேட்பது, "அப்ப என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்க?" என்பதுதான். ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று. இரண்டுமே இல்லாததைக் கண்ணுக்குக் காட்டும் மாத்திரைகள் இல்லை.

பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டும். கரண்ட் போக வேண்டும். எங்கேயோ ஒரு நாய் ஊளையிட வேண்டும். எனக்கு அந்த வசதி எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஆஸ்பத்திரியில், கண் கூசும் வெளிச்சத்தில். வீட்டில், பக்கத்து அறையில் நாத்தனார் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது. பயப்படுவதற்குக்கூட ஒழுங்கான நேரம் அமையவில்லையே என்று எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

நான் ஒரு தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி, சாக்கட்டியால் கோடு போட்டு, கத்திரியால் வெட்டுவது என் வேலை. தைப்பவர் தப்பு செய்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுபவர் தப்பு செய்தால் துணி போனது போனதுதான். அதனால் அங்கே என் வலது கைக்கு ஒரு மரியாதை இருந்தது. எனக்கு இருந்ததா, தெரியாது. கைக்கு இருந்தது.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நான் குனிந்தேன், வலது கை கூடவே வரவில்லை. ஸ்ட்ரோக். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. கால் இழுத்துக்கொண்டு திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. கொடியில் எடுக்க மறந்த ஈரத்துணி மாதிரி தோளிலிருந்து தொங்கியது.

நோய்வாய்ப்பட்டவர்கள் சோகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறோம். நான் சோகமாக இல்லை. கோபமாக இருந்தேன். காலையிலிருந்து மாலை வரை கோபம். வேன் ஓட்டப் போகும் அவசரத்தில் கணவர் என் சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்றில் மாட்டிவிட்டுப் போவார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, நாள் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். கோடு தவறினால் தூக்கிப் போட்டுவிடுகிற நான்.

உதவிக்கு வந்த நாத்தனார் நல்லவள்தான். ஆனால் அவளுக்கு ஒரு மருத்துவம் தெரியும். அதை எல்லோருக்கும் தருவாள்.

"மனசு வச்சா அசையும் அண்ணி. நீங்க மனசே வைக்கல."

மனசை எங்கே வைப்பது? தோளிலா? முழங்கையிலா? விரல் நுனியிலா? நான் எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்திருந்தேன். படுக்கையில் மல்லாந்து, கையையே பார்த்தபடி, "அசை... அசை..." என்று பல்லைக் கடித்திருக்கிறேன். தாடை வலித்ததுதான் மிச்சம்.

தையல் கூடத்து முதலாளி போன் செய்தார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் உங்க மேசையை யாருக்கும் குடுக்க மாட்டேன்மா. கத்திரி பிடிக்க முடிஞ்சா வாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல."

அவர் கையில் இல்லை. என் கையிலும் இல்லை. நம் பேச்சில்தான் எத்தனை கை! கை கொடுத்தான், கை விட்டான், கை மீறிப் போனது, கை கழுவினான். பேசுகிறவர்கள் அறியாமல் பேசினார்கள். எனக்கு ஒவ்வொன்றும் குத்தியது.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் காந்தச் சிகிச்சை இருக்கிறது என்றார்கள். மண்டையைத் திறப்பதில்லை. ஊசி இல்லை. தலைக்கு வெளியே காயில் என்ற கம்பிச்சுருளை வைத்து, காந்தத்தால் மூளையைத் தட்டி எழுப்புவது. அந்த டாக்டர் மெதுவாகப் பேசும் பெண்மணி. சிகிச்சையைக் கொடுப்பவள் டெக்னீஷியன். முப்பது வயதிருக்கும். எப்போதும் அவசரம், எப்போதும் சிரிப்பு.

"வலிக்குமா?" என்று கேட்டேன்.

"மரங்கொத்தி கொத்துற மாதிரி இருக்கும்க்கா."

"மரத்துக்கு வலிக்காதுன்னு யாரு சொன்னா?"

"மண்டைய ஆட்டாதீங்கக்கா. நீங்க தலையசைச்சுப் பேசுனா காயில் நகருது."

"எங்க வீட்ல தலையாட்டுறது நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்," என்றார் கணவர், கதவருகிலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்தது அன்று மட்டும்தான்.

அன்று டாக்டரே அளவு எடுத்தார். முதலில் நல்ல கைக்கு. எட்டு என்ற எண் போல வளைந்த ஒரு சின்னக் காயிலை என் வலது காதுக்கு மேலே வைத்தார். மூளையின் வலது பாதிதான் இடது கையை ஆட்டுவிக்கிறதாம்.

டக்.

என் இடது கட்டைவிரல் துள்ளியது.

நான் துள்ளச் சொல்லவில்லை. நான் விரலைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. எவ்வளவு சின்ன அசைவு! இத்தனை வருஷம் நான் அசைக்கிறேன், நான் அசைக்கிறேன் என்று இருந்தேனே. ஒரு பெட்டியும் ஒரு வயரும் போதும், அதற்கு நான் தேவையில்லை.

பிறகு காயிலைத் தலையின் இடது பக்கம் வைத்தார். டக். வலது கை கிடந்தபடி கிடந்தது. டக்... டக்... ஒன்றுமில்லை.

"இந்தப் பக்கம் இப்போ பதில் வரல. பரவாயில்லம்மா. கொஞ்ச நாள் தட்டி எழுப்பிட்டு, மறுபடி அளந்து பாப்போம்," என்றார்.

மறுநாளிலிருந்து டெக்னீஷியன்தான். அறை அடித்தளத்தில். ஜன்னல் இல்லை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பெட்டி, அதிலிருந்து தடித்த வயரில் ஒரு பெரிய காயில். காதில் பஞ்சு வைத்துவிடுவாள். காயிலை என் தலையில் ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் திரைக்கு முன் போய் உட்கார்ந்துகொள்வாள்.

டக்டக்டக்டக்டக்...

பிறகு ஓய்வு. அந்த ஓய்வில் பெட்டியின் விசிறி மட்டும் முனகும்.

மறுபடி... டக்டக்டக்டக்டக்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. தலையில் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "இன்னிக்கி எப்டி இருக்கு?" என்று எல்லோரும் என் கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்துக் கேட்டார்கள். எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள். அன்றும் கோபத்தில்தான் இருந்தேன். அடி முடிந்து ஓய்வு வந்தது. விசிறி முனகியது.

என் வலது கையின் சுண்டுவிரல் விரிந்தது.

மெதுவாக. மடங்கிக் கிடந்தது நேராகி, ஒரு நொடி நின்றது. பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல்.

டக்டக்டக்டக்டக்.

அடி விழுந்தபோது எதுவும் அசையவில்லை. விட்ட இடத்திலேயே நின்றது. அடி ஓய்ந்தது. ஆள்காட்டி விரல் விரிந்தது. கடைசியில் கட்டைவிரல்.

"அக்கா! விரியுதுக்கா! டாக்டர்... டாக்டரைக் கூப்பிடுங்க!" டெக்னீஷியன் எழுந்து கை தட்டி, கதவுப் பக்கம் கத்தினாள்.

டாக்டர் வந்தார். தோளைத் தட்டினார். நான் சொன்னேன், "அடிக்கும்போது அசையல டாக்டர். ஓஞ்சதுக்கு அப்புறம்தான் அசையுது."

"அசையுதே, அது போதும்மா."

"நான் அசைக்கலையே..."

"நீங்களா அசைக்கிறது அடுத்த கட்டம்," என்று சிரித்தார்.

எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. அதைச் சொல்லவில்லை. சொன்னால் இதற்கும் ஒரு சிரிப்பு வரும். தினமும் காலையில் பிசியோதெரபி செய்பவர் என் மடங்கிய விரல்களைப் பிடித்து விரித்துவிடுவார். அவர் எப்போதும் கட்டைவிரலிலிருந்துதான் தொடங்குவார். நானும் இடது கையால் விரித்துப் பார்க்கும்போது கட்டைவிரலில்தான் தொடங்குவேன். அதுதான் பிடிக்க வாகு.

சுண்டுவிரலிலிருந்து ஏன்?

அன்றிலிருந்து வீட்டிலும் தொடங்கியது. சாப்பாடு முடிந்து, நாத்தனார் பக்கத்து அறையில் படுத்து, குறட்டை ஒரு சீராக வரும். மூன்று மணி இருக்கும். கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுப்பார்கள். வெயில் தரையில் ஒரு கட்டமாகக் கிடக்கும்.

சுண்டுவிரல் விரியும். மோதிரவிரல். நடுவிரல்...

ஐந்தும் விரிந்த பிறகு மணிக்கட்டு திரும்பும். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். அவசரமே இல்லை. பொறுமையாக, வலிக்காமல், யாரோ பொறுப்பெடுத்துச் செய்வது போல.

"போதும்," என்றேன் ஒருநாள், சத்தமாக.

நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று முழுதாக முடிந்தது. பிறகு கை தலையணைமேல் இறங்கியது. என் கை விழுந்தால் தொப்பென்று விழும். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அப்படித்தான். இது விழவில்லை.

வைக்கப்பட்டது.

அடுத்த நாள் தண்ணீர். மேசையில் டம்ளர் இருந்தது. எனக்குத் தாகமில்லை. கை போய் டம்ளரை எடுத்தது. வாய்வரை கொண்டுவந்தது. விளிம்பு என் பல்லில் 'ணங்' என்று இடித்தது. தண்ணீர் மோவாயில் வழிந்தது.

நாமே குடிக்கும்போது டம்ளர் பல்லில் இடிப்பதில்லை. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கைக்கும் வாய்க்கும் ஒரு பேச்சு இருக்கிறது. இன்னொருவர் புகட்டும்போதுதான் இடிக்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கணவர் புகட்டினார். அப்போது இப்படித்தான் இடித்தது.

அந்த வாரமே சட்டை. கணவர் பொத்தான் போட வந்தபோது என் கை அவர் கையை விலக்கிவிட்டுத் தானே போட ஆரம்பித்தது. அடியிலிருந்து மேலாக. நான் வாழ்நாளில் அடியிலிருந்து பொத்தான் போட்டதில்லை. ஒரு பொத்தானும் இடம் மாறவில்லை. கழுத்துப் பொத்தான் வரை. நான் கழுத்துப் பொத்தான் போடுகிறவளும் இல்லை. தொண்டையை இறுக்கியது.

கணவர் அப்படியே நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேன் சாவியைத் தேடுவதுபோலத் தேடினார். சாவி அவர் கையில்தான் இருந்தது. "சொன்னேன்ல... சொன்னேன்ல, வந்துரும்னு," என்றார். குரல் உடைந்திருந்தது.

அவரிடம் எப்படிச் சொல்வேன்? "இது நான் இல்லைங்க" என்றா? மாதக்கணக்கில் அழாத மனிதர் அன்று அழுகிறார். சந்தோஷத்தில். அந்தச் சந்தோஷத்தின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. என் கை வேலை செய்ததற்கு என்னைத் தவிர எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவளாவது பேய் பிசாசை நம்புகிறவள்.

"அது தானா அசையுது. நான் நிறுத்துன்னா நிக்க மாட்டேங்குது."

"ஐயோ அண்ணி, கை வரலைன்னாலும் குறை, வந்தாலும் குறையா? நல்லது நடந்தா வாயை மூடிட்டு வாங்கிக்கணும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "தானா அசைஞ்சா இன்னும் நல்லதுதானே. அப்படியே அந்தப் பாத்திரத்தையும் கழுவச் சொல்லுங்க."

இப்படிப்பட்டவர்களிடம் என்ன பேசுவது!

மாதக் கடைசி நெருங்கியது. என்ன ஆனாலும் சரி, கத்திரி பிடித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது டம்ளரும் பொத்தானும் இல்லை. என் மேசை. என் கோடு. நான் வெட்டுகிறேன் என்று எனக்குத் தெரியும்படி ஒரே ஒரு வெட்டு.

மத்தியானம். மூன்று அடித்துக் கொஞ்சம் ஆகியிருந்தது. பக்கத்து அறையில் குறட்டை. சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய போர்வையை விரித்தேன். இடது கையால் சாக்கட்டியைப் பிடித்து, கோணலும் மாணலுமாக ஒரு கோடு போட்டேன். பாதிப் போர்வை வரை. என் சொந்தக் கத்திரியை எடுத்து வைத்தேன்.

வலது கை வந்து எடுத்துக்கொண்டது.

நறுக்... நறுக்...

அந்தச் சத்தம்! அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! துணி இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் சாய்ந்தது. என் கோணல் கோட்டை அது சட்டை செய்யவில்லை. நேராகப் போயிற்று. நான் வெட்டுவதைவிட நேராக. ஒரு நிமிடம், உண்மையைச் சொல்கிறேன், யார் வெட்டினால் என்ன என்று இருந்தது. மாதக் கடைசிக்குள் மேசைக்குப் போய்விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

கோடு முடிந்தது.

கத்திரி நிற்கவில்லை.

நறுக்... நறுக்...

நேர் எதிரே, துணியைப் பிடித்தபடி என் இடது கை இருந்தது.

"நில்லு," என்றேன்.

நறுக்...

"நில்லு!"

இடது கையை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கத்தான் நினைத்தேன். வரவில்லை. பயத்தில் அதுவும் மரத்துவிட்டது. என்னிடம் மிச்சமிருந்த ஒரே கை.

நறுக்.

கத்திரி வாயைத் திறந்தது. என் இடது கட்டைவிரல் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் இரும்பு தொட்டது. சில்லென்று...

நின்றது.

பக்கத்து அறையில் குறட்டையும் நின்றது.

நான் மூச்சு விடவில்லை. கத்திரி மெதுவாகப் பின்வாங்கியது. மேசைமேல் வைக்கப்பட்டது. வலது கை எழுந்து, என் இடது கையின்மேல் வந்து, அதைத் தூக்கி, துணியைவிட்டு ஓரமாக வைத்தது. வேலை பழகுகிறவளின் கையை நான் நகர்த்திவைப்பேனே, 'குறுக்க வைக்காத' என்று...

அப்படி.

பிறகு கத்திரியை எடுத்து, மிச்சத்தையும் வெட்டி முடித்தது.

"ஏன் அண்ணி, பழைய போர்வைன்னாலும் நல்லாத்தானே இருந்துச்சு?"

நாத்தனார் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் கிட்டே வந்தாள். போர்வையைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள்.

"இதென்ன, சட்டைக் கை இப்படிக் கசங்கியிருக்கு? காலைலதானே இஸ்திரி போட்டேன்..."

பார்த்தேன். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே துணி சுருங்கி மடிப்பு மடிப்பாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. நாத்தனார் தன் கையை அந்த மடிப்பின்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் நான்கு விரலும் நான்கு மடிப்பில் பொருந்தின. கட்டைவிரல் அடிப்பக்கம் பொருந்தியது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மனசு வைக்கச் சொல்லவில்லை. மறுநாளே ஊருக்குப் போக வேண்டும் என்றாள். வேறு காரணம் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியிலிருந்து போன். உடனே வர முடியுமா என்று கேட்டார்கள். கணவர் கொண்டுபோய் விட்டுவிட்டு வேனை நிறுத்த இடம் தேடிப் போனார். அதே அடித்தள அறை. டாக்டர் நின்றுகொண்டிருந்தார். டெக்னீஷியன் அழுதிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"என்னாச்சு?"

டாக்டர்தான் சொன்னார். அந்தப் பெரிய காயில் ஒன்றில்லை, இரண்டு. இரண்டாவது வெறும் பொம்மை, போலி. முன்பு ஒரு ஆராய்ச்சிக்காக வாங்கியது. சிகிச்சை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, சிலருக்கு அந்தப் பொம்மையை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அதே வடிவம், அதே எடை, அதே டக்டக். காந்தம் மட்டும் வராது. உண்மைக் காயில் சூடாகிறது என்று பழுதுபார்க்கக் கழற்றினார்கள். திரும்ப மாட்டும்போது டெக்னீஷியன் அவசரத்தில் பொம்மையை மாட்டிவிட்டாள். நேற்று கம்பெனி ஆள் வந்து சோதித்தபோதுதான் தெரிந்தது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"நீங்க வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து," என்றாள் டெக்னீஷியன். "அன்னிலேர்ந்து உங்க தலைக்கு ஒரு தடவை கூட காந்தம் போகலக்கா. வெறும் சத்தம்."

எனக்குக் காதுக்குள் விசிறி முனகுவது கேட்டது. பெட்டி அணைந்திருந்தது.

"மத்தவங்களுக்கு?"

"இன்னும் ரெண்டு பேருக்கு இதே காயில்தான். அவங்களுக்கு ஒண்ணும் அசையல."

"அப்ப எனக்கு எப்டி அசைஞ்சுது?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "நம்பிக்கைக்கு ஒரு சக்தி இருக்கும்மா. மனசு வச்சா சில சமயம்..."

நாத்தனார் வைக்கச் சொன்ன அதே மனசு. இத்தனை படித்தவர் வாயிலிருந்தும் அதுவே. எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. "நான் வைக்கல டாக்டர்! எத்தனை தடவை சொல்றது? நான் அசைக்கல! முதல் நாள்லேர்ந்து சொல்றேன், யாருமே காதுல வாங்கல!"

டாக்டர் என்னைப் பார்த்தார். கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அது எனக்குத் தேவையாக இருந்தது.

"சரி. அளந்தே பாத்துருவோம்."

இரண்டு கையிலும் ஒட்டுக் கம்பிகள் ஒட்டினார்கள். தசையின் வேலையைத் திரையில் கோடாகக் காட்டும் கம்பிகள். முதலில் இடது கை. "நீங்களா தூக்குங்க," என்றார். தூக்கினேன். திரையில் கோடு முள்முள்ளாகத் துள்ளியது. "இப்போ தளர்த்தி விடுங்க. நான் தூக்குறேன்." என் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். கை ஏறியது. கோடு அசையவில்லை. "பாத்தீங்களா? வேலை செய்யறது என் தசை. உங்களுது சும்மா இருக்கு. அதான் கோடு வரல."

பிறகு நல்ல காயிலை, முதல் நாள் வைத்த அதே சின்னக் காயிலை, தலையின் இடது பக்கம் வைத்தார்.

டக்.

வலது கையின் கோடு தட்டையாக இருந்தது.

டக்... அளவைக் கூட்டினார். டக்... இன்னும் கூட்டினார்.

டக்.

தட்டை.

"மூளையிலேர்ந்து இந்தக் கைக்குப் பாதை இன்னும் திறக்கலம்மா," என்றார். தயங்கினார். "இப்போ... வலது கையை நீங்களா தூக்குங்க."

"எப்டித் தூக்கறதுன்னு எனக்குத் தெரியல டாக்டர்."

சொல்லிவிட்டு, அதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

சுண்டுவிரல் விரிந்தது. மோதிரவிரல்... நடுவிரல்... ஐந்தும் விரிந்தன. கை நாற்காலியிலிருந்து எழுந்தது. என் முகத்தின் உயரத்துக்கு வந்து நின்றது.

மூன்று பேரும் திரையைப் பார்த்தோம்.

கோடு தட்டையாக இருந்தது.

டாக்டர் கம்பிகளைப் பிய்த்து, புதிதாக ஒட்டினார். வேறு கம்பி. வேறு இடம். கை அந்தரத்தில் நின்றபடியே அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

தட்டை.

"டாக்டர்," என்றாள் டெக்னீஷியன், மிக மெல்லிய குரலில். "இது... நீங்க அக்காவோட இடது கையைத் தூக்கிக் காட்டுனப்ப வந்த மாதிரியே..."

"பேசாம இரு."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மாதக்கணக்கில் அந்த ஒரே கேள்வி.

"டாக்டர்... என் கை எனக்கு வருமா?"

அவர் முதலில் அதைக் கீழே இறக்கி வைக்கலாம் என்று நினைத்திருப்பார். என் வலது மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

பாதியில் நின்றார்.

அவர் விரல்கள் வளைந்திருந்தன. என் தோலைத் தொடவில்லை. ஓர் அங்குலம் மேலேயே நின்றன. அடிப்பக்கமாகக் கொண்டுபோனார். அங்கேயும் நின்றன. இன்னொரு முறை முயன்றார், கொஞ்சம் அழுத்தி.

பிறகு கையை இழுத்துக்கொண்டு, உள்ளங்கையை வெள்ளைக் கோட்டில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"என்ன டாக்டர்?"

"பிடிக்க இடமில்லம்மா," என்றார்.